இது இப்போது யார் கையில் நிற்கிறது?

அதிகாலை 5 மணிக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற நாளில் 4 மணிக்கே எல்லா வீட்டிலும் விளக்கு எரியும். குடம் நிரப்பி, சோறு வடித்து, டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு, பனியன் கம்பெனிக்கு ஓடுகிற பெண்கள் நிறைந்த ஊர் இது. சீக்கிரம் எழுவதுதான் முன்னேற வழி என்றால் திருப்பூரில் பாதிப் பேர் இந்நேரம் கோடீஸ்வரிகளாகி இருக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி, என் தொழில் தேதியை நம்பிப் பிழைக்கும் தொழில் என்பதுதான். வரிக் கணக்குப் பார்க்கிறேன். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், உதவிக்கு ஒரு பெண். கணக்குக் கொடுப்பவர்கள் எல்லாம் சின்னச் சின்ன ஆட்கள். பவர் டேபிள் (தையல் மெஷின் வரிசை) போட்டு ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்கு, தைப்பவர்கள், காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருப்பவர்கள், அனுப்பர்பாளையத்துப் பாத்திரக்காரர், ஒரு ஹார்டுவேர்ஸ் கடை.

மாதம் பிறந்தால் 7ஆம் தேதி டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துவைத்த வருமான வரி, கட்ட வேண்டும். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, விற்பனை பில்களைக் காட்டும் ரிட்டர்ன். 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. 20ஆம் தேதி 3பி, ஜிஎஸ்டி வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்ன். விற்பனை 5 கோடிக்குள் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் திட்டத்தில் சேரலாம். அவர்களுக்குத் தேதிகள் வேறு. ஜிஎஸ்டி ரிட்டர்ன் தவறினால் நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீஸ். வியாபாரமே நடக்காத மாதத்துக்குப் போடும் நில் ரிட்டர்ன் தவறினால்கூட நாளுக்கு 20. கட்ட வேண்டிய வரி இருந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. ஆக, தள்ளிப்போடுவதற்கு என் மேஜையில் விலை ஒட்டியே இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு நான் கண்டுகொண்டது ஒன்றே ஒன்று. நமக்கு மலைபோல் தெரிகிற வேலையில் பாதி நம் கையில் இருப்பதே இல்லை. அது வேறு யாரிடமோ நிற்கிறது. நாம் அதை மனதில் சுமந்துகொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல், களைத்துப்போகிறோம்.

அதனால் என் நோட்டில் மூன்று பத்திதான். நீளவாக்கில் இருக்கும் சாதாரணக் கணக்கு நோட்டு. முதல் பத்தியில் வேலை. இரண்டாவதில் யார் கையில். மூன்றாவதில் எப்போது கேட்பது. ஒரு பக்கத்தில் இப்படி இருக்கும்: "பாத்திரக்கடை, பேங்க் ஸ்டேட்மென்ட் – அவர் மகன் – செவ்வாய் மதியம்." "ஹார்டுவேர்ஸ், இரண்டு பில்லில் ஜிஎஸ்டி நம்பர் தப்பு – சப்ளையர் – 14." "பவர் டேபிள் அண்ணன், டெலிவரி சலான் – அவரேதான் – இன்று டீ டைம்." "பிரிண்டர் டோனர் – நான் – வெள்ளி."

"நான்" என்று எழுதிய வரிகள் மட்டும்தான் இன்றைய வேலை. அவற்றை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் பயப்படும்படி இருக்காது. மற்ற வரிகளுக்கு நான் செய்ய வேண்டியது, அந்த நேரத்தில் ஒரு போன். அது வரைக்கும் அதை நினைக்க வேண்டிய கட்டாயமில்லை. நோட்டு நினைத்துக்கொள்ளும்.

மூன்றாவது பத்தியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "அவர் தர வேண்டும்" என்று எழுதி வைத்தால் போதாது. எப்போது கேட்கப் போகிறேன் என்பது கூடவே இருந்தால்தான் மனது அதை விடும். கேட்கும் நேரமும் சும்மா போட்டதில்லை. பவர் டேபிள் வைத்திருப்பவருக்குக் காலை 9 மணிக்குக் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். இரண்டு டெய்லர் வந்திருக்க மாட்டார்கள், ஒரு மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கும், அவர் அங்கே நிற்பார். எடுத்தாலும் மெஷின் சத்தத்தில் "ஆங்? ஆங்?" என்பதற்குமேல் பேச்சு போகாது. 11 மணி டீ, மதியச் சாப்பாடு, 4 மணி டீ. இந்த மூன்று நேரத்தில் மெஷின் நிற்கும். என் போன்கள் எல்லாம் அந்த நேரங்களில்தான்.

ஓடிபி விஷயத்திலும் இதே கதை. ரிட்டர்னைச் சமர்ப்பிக்கும்போது ஓடிபி முதலாளியின் போனுக்குத்தான் போகும். நான் இங்கே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் செக்கிங் டேபிளில் பீஸ் எண்ணிக்கொண்டு இருப்பார், போன் சட்டைப் பையில் இருக்கும், சட்டை ஆணியில் தொங்கும். நேரம் கடந்து, ஓடிபி செல்லாமல்போய், மறுபடி அனுப்பி... ஒரு ரிட்டர்னுக்கு அரை மணி நேரம் இப்படியே போகும். இப்போதெல்லாம் தயாராக இருக்கும் ரிட்டர்ன்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, முந்தின நாளே வாட்ஸப்பில் சொல்லிவிடுகிறேன்: "நாளைக்கு மதியம் 1.15க்கு ஓடிபி வரும் அண்ணா, போன் பக்கத்துல வெச்சுக்குங்க." 1.15, 1.25, 1.35 என்று வரிசையாக. சாப்பிட உட்கார்ந்தவர்கள் ஒரு கையால் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். வேலை அதேதான், நேரம்தான் மாறியது. (இதற்கு ஒரு செயலியும் தேவைப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆப் சிபாரிசு கேட்பவர்கள் மன்னிக்கவும்.)

இன்னொன்று, கடைசித் தேதியை யாருக்கும் கடைசித் தேதியாகச் சொல்லாமல் இருப்பது. கொடுத்த நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை நீளும் என்று பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1955இல் எழுதினார். அரசு அலுவலகங்களைக் கிண்டல் செய்து எழுதியது. ஆனால் பில் வாங்கும் எவரும் அதை அனுபவத்தில் அறிவார்கள். 10ஆம் தேதிக்குள் பில் வேண்டும் என்று சொன்னால் 10ஆம் தேதி இரவு 10 மணிக்கு வாட்ஸப்பில் வரும், பாதி போட்டோ மங்கலாக. 5 என்று சொன்னால் 5ஆம் தேதி இரவு வரும். மங்கல் மட்டும் மாறாது, ஆனால் திருப்பிக் கேட்க எனக்கு நாள் இருக்கும்.

கேட்கும் முறையும் முக்கியம். "பில் அனுப்புங்க" என்று பொதுவாகச் சொன்னால் "சரிங்க்கா" என்று பொதுவாகப் பதில் வரும், அவ்வளவுதான். ஒருவரோடு பேசுவது வழக்கமாக இப்படிப் போகும்:

"பில்லெல்லாம் ரெடியா இருக்குதுங்க்கா. நாளைக்குப் பையன்கிட்ட குடுத்து உடறனுங்க."

"பையன் இப்ப எங்கீங்கண்ணா இருக்கறான்?"

"அவன் லீவுங்க. ஊருக்குப் போயிருக்கறான்."

"நாளைக்கு வந்துருவானா?"

"...தெரியலைங்க."

"அப்ப சாயங்காலம் டீக்கு இந்தப் பக்கம் வருவீங்கல்ல, நீங்களே குடுத்துருங்க. இல்லைன்னா அஞ்சு மணிக்கு நம்ம பொண்ண அனுப்பறேன், ஃபைலை மேஜை மேல எடுத்து வெச்சிருங்க."

பில்லைப் பையன் கொண்டுவந்து கொடுத்துவிடுவான் என்று அவரும் நம்பிக்கொண்டிருந்தார். உண்மையில் அது யார் கையிலும் இல்லை, பீரோ மேல் இருந்தது. இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டால் இது வெளியே வந்துவிடும். கோபப்பட வேண்டியதில்லை, குரல் உயர்த்த வேண்டியதில்லை.

14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் 2பி என்ற பட்டியல் வரும். நாம் வாங்கிய சரக்குக்கு எதிர்த்தரப்பு பில் காட்டியிருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். நூல் கடைக்காரர் காட்டாவிட்டால் நம் ஆள் சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியை அந்த மாதம் கழித்துக்கொள்ள முடியாது, கையிலிருந்து கட்ட வேண்டும். 14க்கும் 20க்கும் நடுவே ஆறே நாள், அதில் பெரும்பாலும் ஒரு ஞாயிறும் போகும். அதனால் 14ஆம் தேதி காலையில் வேறு எந்த வேலையையும் தொடுவதில்லை. வரவேண்டிய பில் எதெல்லாம் வரவில்லை என்று பார்த்து, நோட்டில் இரண்டாவது பத்தியை நிரப்புவதுதான் அன்றைய வேலை. மாதத்திலேயே எனக்கு மிகப் பயனுள்ள காலை அது. மதியத்துக்குமேல் தூங்கினாலும் தப்பில்லை என்று தோன்றும், தூங்கியும் இருக்கிறேன்.

கவனம் சிதறாமல் உட்காருவது பற்றிச் சொல்பவர்கள் பொமோடோரோ என்று ஒன்றைச் சொல்வார்கள். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கியது. 25 நிமிடம் வேலை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி 25. படிக்கிற பிள்ளைகளுக்கு நல்ல முறைதான், என் மகளுக்கு நானே சொல்லிக் கொடுத்தேன். எனக்கு அது ஒத்துவரவில்லை. பேங்க் ஸ்டேட்மென்ட் ஒத்துப்பார்க்கும்போது நடுவில் மணி அடித்தால், 4,720 ரூபாய் எங்கே இடிக்கிறது என்று பாதி கண்டுபிடித்தது போய்விடும். எனக்கு அளவுகோல் கடிகாரம் அல்ல, ஸ்டேட்மென்ட்தான். ஒரு ஸ்டேட்மென்ட் முடிந்தால் எழுந்து தண்ணீர் குடிப்பேன். சின்னதாக இருந்தால் 15 நிமிடம், பெரிதாக இருந்தால் ஒரு மணி நேரம். உங்கள் வேலைக்கென்று இயல்பாக ஒரு துண்டு இருக்கும். தைப்பவருக்கு ஒரு பண்டல், திருத்துபவருக்கு ஒரு கட்டு விடைத்தாள். அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

நடுவில் எழுந்தே ஆக வேண்டிய நேரமும் உண்டு. கரண்ட் போகும், யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். அப்போது எழுவதற்கு முன் ஒரு வரி: "17ஆம் தேதி என்ட்ரி வரை டிக் போட்டாச்சு, 23,600 செக் பார்க்கணும்." திரும்பி வரும்போது எங்கே விட்டேன் என்று தடவிக்கொண்டு இருக்க வேண்டாம். இரவு கடையைச் சாத்தும்போதும் இப்படி ஒரு வரி எழுதிவிட்டுத்தான் சாத்துவேன். காலையில் உட்கார்ந்ததும் யோசிக்காமல் கை ஓடும்.

எளிதான வேலையை முதலில் முடிப்பதா, கஷ்டமானதை முதலிலா என்று பெரிய விவாதமே நடக்கிறது. என் கட்சி எளிதானது. நில் ரிட்டர்ன்களை மாதத் தொடக்கத்திலேயே முடித்துவிடுவேன். அதை எஸ்எம்எஸ்ஸிலேயே போடும் வசதி 2020இல் வந்துவிட்டது. பட்டியல் குறைந்தால் மிச்சம் இருப்பவர்களின் முகம் தெளிவாகத் தெரியும். கஷ்டமானதை முதலில் எடுத்து அதிலேயே மூன்று நாள் முழுகினால், சும்மா கிடந்த நில் ரிட்டர்னுக்கு லேட் ஃபீஸ் விழும்.

வீட்டுக்கும் இதே நோட்டுதான், கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி எழுதுகிறேன். அத்தையின் பிரஷர் மாத்திரையில் கடைசி அட்டையைப் பிரித்த அன்று எழுதுவது: "மாத்திரை – அவர் – சனி." அவர் என்றால் என் வீட்டுக்காரர். முன்பெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பேன், அவர் மறந்துகொண்டே இருப்பார். இப்போது சனிக்கிழமை மட்டும் ஒரே ஒரு தடவை கேட்கிறேன். வாங்கி வந்துவிடுகிறார். நான் நச்சரிக்காமல் இருப்பது அவருக்கு ஏதோ பயத்தைத் தருகிறது என்று நினைக்கிறேன்.

உதவிக்கு இருக்கும் பெண்ணும் இப்போது இந்த முறைக்குப் பழகிவிட்டாள். போன தீபாவளிக்கு முன் நோட்டைத் திறந்தால், அவள் கையெழுத்தில் ஒரு வரி: "போனஸ் – அக்கா – இந்த வாரம்." இதற்குமேல் என்ன பாடம் நடத்த?

புதிதாகக் கற்றுக்கொள்வதற்கு மாதக் கடைசியை ஒதுக்கியிருக்கிறேன். 22ஆம் தேதிக்குமேல் போன் அவ்வளவாக அடிக்காது. வந்திருக்கும் புது அறிவிப்புகளை அப்போதுதான் படிப்பேன். எக்செலும் அப்படி வந்ததுதான். வகுப்பில் சேர்ந்து மொத்தமாகக் கற்றதெல்லாம் எனக்கு ஒட்டவில்லை. கையால் செய்து அலுத்துப்போன ஒரு வேலையை எடுத்து, அதற்கான ஃபார்முலாவை மட்டும் தேடிப் பார்த்தேன். பர்ச்சேஸ் பட்டியலையும் 2பியையும் கண்ணால் ஒத்துப்பார்த்துக் கழுத்து வலித்த பிறகுதான் லுக்கப் என்றால் என்ன என்று உள்ளே இறங்கியது. 3பி வேலை குவிந்திருக்கும் வாரத்தில் "தினமும் ஒரு மணி நேரம் படிப்பேன்" என்று உறுதி எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாதம் ஒரே மாதிரி ஓடுவதில்லை, உறுதி மட்டும் ஏன் தினசரி இருக்க வேண்டும்?

ஜனவரியில் புது நாட்காட்டி வந்ததும் ஒரு வேலை செய்வேன். 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் எந்தெந்தக் கிழமையில் விழுகின்றன என்று பன்னிரண்டு மாதத்துக்கும் பார்த்து வட்டம் போடுவது. 20 சனிக்கிழமையாக இருந்தால் அந்த மாதம் எனக்கு 18தான் கடைசி. இங்கே சனிக்கிழமை வாரச் சம்பளம். முதலாளிகள் பணம் புரட்ட ஓடிக்கொண்டு இருப்பார்கள், யாருக்கும் ஓடிபி பார்க்க நேரம் இருக்காது. 11ஆம் தேதியோ 20ஆம் தேதியோ மாலையில் இணையதளம் திணறும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். தீபாவளி நவம்பர் முதல் வாரத்தை ஒட்டி வந்தால் இன்னும் மோசம். போனஸ், ஊருக்குக் கிளம்பும் ஆட்கள், பூட்டிய கம்பெனி, திரும்பி வந்து மெஷின் ஓட ஒரு வாரம். அந்த மாதத்துக்கு 5ஆம் தேதி என்ற கணக்கே செல்லாது. அக்டோபர் விற்பனை பில்லைப் பண்டிகைக்கு முன்னாலேயே, வாரா வாரம், ஆள் அனுப்பி வாங்கிவிடுவேன்.