டிவைடரும் இசிஜி தாளும்: ஆறு வார அனுபவம்

அப்பாவுக்குப் போன வருடம் எடுத்த இசிஜியை ஃபைலிலிருந்து வெளியே எடுத்தால் பாதி வெளுத்துப்போயிருந்தது. சூட்டில் அச்சாகும் தாள் அது, நாள்பட்டால் கோடு மங்கிவிடும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டு வைத்திருக்க வேண்டும். அடியில் ஓடும் லீட் 2-இன் (வலது கைக்கும் இடது காலுக்கும் இடையே இதயத்தின் மின்னோட்டத்தைப் பார்க்கும் கோணம்) நீளப் பட்டை மட்டும் தெளிவாக மிஞ்சியிருந்தது. அதை வைத்தே படிக்கத் தொடங்கினேன்.

முதல் வாரம் முழுக்கக் கட்டங்கள்தான். வழக்கமாகத் தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர்கிறது. அப்படியானால் சின்னக் கட்டம் ஒன்று 0.04 நொடி, ஐந்து சின்னது சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. மகனின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து டிவைடரை எடுத்து ஓர் ஆர் முனையிலிருந்து, அதாவது துடிப்பின் உயரமான கூர்முனையிலிருந்து, அடுத்த முனைக்கு வைத்தேன். நான்கு பெரிய கட்டம். ஒரு நிமிடத்தில் 300 பெரிய கட்டம் ஓடும். 300-ஐ நான்கால் வகுத்தால் நிமிடத்துக்கு 75 துடிப்பு. தாளின் தலைப்பில் இயந்திரம் அச்சிட்டிருந்தது 74. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அடுத்த இரண்டு வாரம் போனது பி அலையில், அதாவது இதயத்தின் மேலறைகளின் மின்னோட்டத்தைக் காட்டும் மேட்டில். கண் எப்போதும் உயரமான கியூஆர்எஸ் (ஆர் முனையைச் சுற்றிய கூர்ப்பகுதி) மேல்தான் போய் நிற்கும். அது கீழறைகள் சுருங்குவதற்கான மின்னோட்டம். துடிப்பு முறைப்படி எங்கே தொடங்கியது என்பதை அறிய, அதற்கு முன்னால் உள்ள சின்ன மேட்டைப் பார்க்க வேண்டும். லீட் 2-இல் பி நிமிர்ந்து நிற்கிறதா, ஒவ்வொரு கியூஆர்எஸ்ஸுக்கும் முன்னால் ஒரு பி இருக்கிறதா, பி-யின் தொடக்கத்திலிருந்து கியூஆர்எஸ்ஸின் தொடக்கம் வரை மூன்று முதல் ஐந்து சின்னக் கட்டம்தானா, கியூஆர்எஸ்ஸின் அகலம் மூன்று சின்னக் கட்டத்துக்குள் அடங்குகிறதா. இந்தக் கேள்விகளை இதே வரிசையில் கேட்டுப் பழகிய பிறகுதான் பட்டை எனக்குப் பிடிபட்டது. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: நோய்களின் படங்களை மனப்பாடம் செய்யாதீர்கள், பி-யைத் தேடுங்கள்.

நான்காவது வாரம் இதயத்தின் மின்னோட்டத்தைப் பிடிக்கும் ஏடி8232 போர்டை அர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையில் இணைத்து என் துடிப்பையே பார்த்தேன். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் மட்டும் ஓட்டினேன். உடம்பில் ஒயர் ஒட்டியிருக்கும்போது வீட்டு மின்சாரத்தோடு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முதலில் திரையில் எல்லாமே தலைகீழ்: பி, கியூஆர்எஸ், அதன் பின்னால் வரும் டி அலை மூன்றும் கீழ்நோக்கி. பயந்துதான் போனேன். பார்த்தால் வலது கை ஒயரும் இடது கை ஒயரும் இடம் மாறியிருந்தன. மாற்றி ஒட்டியதும் நிமிர்ந்தது. உடம்பில் ஒட்டும் எலக்ட்ரோடின் ஜெல் காய்ந்தால் மின்தொடர்பு கெட்டுக் கோடு நடுங்குகிறது. இந்த எழுத்துகளை அலைகளுக்குச் சூட்டி, 1924-இல் நோபல் பரிசு பெற்ற வில்லெம் ஐந்தோவன், நெதர்லாந்தின் லைடனில் ஆட்களின் கைகால்களை உப்புத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைக்கச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

கோடு நிலைத்ததும் மெதுவாக மூச்சு இழுத்தேன். துடிப்புகள் நெருங்கின. மூச்சை விட்டேன், விலகின. திரும்பத் திரும்ப அப்படியே. இதுவும் இயல்பான சைனஸ் ரிதத்தில், அதாவது மேலறையில் உள்ள சைனஸ் கணு ஓட்டும் தாளத்தில், அடக்கம்தான்.

பிறகு எம்ஐடி-பிஐஎச் அரித்மியா (தாளம் தவறிய துடிப்பு) தொகுப்புக்குப் போனேன். ஒவ்வொன்றும் அரை மணி நேரம் ஓடும் 48 பதிவுகள், இணையத்தில் இலவசம். மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் பட்டையில் டிவைடர் ஓர் இடைவெளியில் பொருந்தும், அடுத்ததில் பொருந்தாது. பி இருக்க வேண்டிய இடத்தில் சிற்றலை மட்டும். இங்கே 300 கணக்கு உதவாது. 30 பெரிய கட்டத்துக்குள், அதாவது ஆறு நொடியில், வரும் துடிப்புகளை எண்ணிப் பத்தால் பெருக்க வேண்டும். மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்னோட்டம் படிப்படியாகத் தாமதமாகி ஒரு துடிப்பு விட்டுப்போகும் வெங்க்கிபாக் இதற்கு நேர்மாறு, ஒழுங்கோடு தவறுகிறது. ஒரு பயிற்சிப் பட்டையில் பி-ஆர் இடைவெளியை அளந்தேன். ஐந்து சின்னக் கட்டம், ஏழு, எட்டு, அப்புறம் பி மட்டும் வந்து கியூஆர்எஸ் வரவில்லை. மறுபடி ஐந்து.

அப்பாவின் தாளை இன்றும் டாக்டர்தான் பார்க்கிறார், அதில் மாற்றமில்லை. நான் கற்பது அவர் சொல்வதைப் புரிந்துகொள்ள.

நேற்று ராத்திரி ஒரு பட்டையில், சீராக ஓடிக்கொண்டிருந்த துடிப்புகளுக்கு நடுவே ஒன்று முந்திக்கொண்டு வந்தது. முன்னால் பி இல்லை, அகலம் நான்கு சின்னக் கட்டம். கீழறையில் தானாகக் கிளம்பிய துடிப்பு. அதன் பின்னால் நீண்ட இடைவெளி. டிவைடரை வழக்கமான இடைவெளிக்கு வைத்து, முந்தைய துடிப்பிலிருந்து இரண்டு எட்டு நடத்தினேன். முதல் எட்டு வெற்றிடத்தில் விழுந்தது. இரண்டாவது எட்டில் முள் அடுத்த ஆர் முனை மேலேயே இறங்கியது. மேலே சைனஸ் கணு நடுவில் நடந்த எதையும் பொருட்படுத்தாமல் தன் தாளத்தைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.