வில்லியனூர் மாதாவுக்கு அக்கா செலுத்திய கடன்

புதுச்சேரியை அடுத்த வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்கு 2004 நவம்பரில் அம்மா நேர்ந்துகொண்ட கடன் அது. அக்காவின் மகன் டைபாய்டு காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தான். "வில்லியனூர் மாதாவே, பிள்ளையை எழுப்பிவிடு, அவன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வைக்கிறோம்" என்று வேண்டிக்கொண்ட அம்மா, அவனை உச்சி முதல் பாதம் வரை நூலால் அளந்து அந்த நூலை மாதா படத்தில் சுற்றி வைத்தார். காய்ச்சல் இறங்கியது. கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்குப் புதுச்சட்டையோடு வந்தான். ஈஸ்டர் முடிந்து வில்லியனூரில் கொடியேறும்போது கடனைச் செலுத்துவதாக இருந்தோம். டிசம்பர் 26, ஞாயிறு காலை, பந்தும் மட்டையுமாக தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனான்.

கடலூர்க்காரர்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோன காலை அது.

அக்கா ஞாயிறு பூசையை விடவில்லை, ஜெபமாலையையும் விடவில்லை. வில்லியனூர் என்ற பேச்சு வந்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார். பிழைக்க வைத்த கையே பறிக்க விட்டதே என்ற ஆற்றாமை அது. அம்மா அவரைக் கடிந்ததே இல்லை. லாசரின் சகோதரி மார்த்தா இயேசுவின் முகத்துக்கு நேராகவே, "ஆண்டவரே, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான்" என்று கேட்டவள்தானே என்பார். அப்படிக் கேட்டவளிடம்தான் ஆண்டவர், "உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே" என்றார். இறந்த லாசரை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். அழாத கடவுளிடம் எங்கள் வீட்டாரால் ஜெபித்திருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா போன வருடம் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார். இந்த வருடம் ஈஸ்டர் முடிந்ததும் அக்கா தாமாகவே படத்திலிருந்து நூலை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "போகலாம்" என்றார். பிள்ளையே போனபின் நேர்த்திக்கடன் எதற்கு, நாலு ஏழைகளுக்குச் சோறு போடலாமே என்று உறவில் சிலர் சொன்னார்கள். "காய்ச்சல் இறங்கியது உண்மைதானே? அதற்குக் கடன். அவனும் எங்கும் இல்லாமல் போய்விடவில்லை, ஆண்டவரிடம் இருக்கிறான்" என்றார் அக்கா. அதன்பின் யாரும் வாய் திறக்கவில்லை.

தேர்பவனி நாளில் கிளம்பினால் நெரிசலைச் சொல்ல வேண்டுமா! கடலூர் பஸ்ஸில் அரியாங்குப்பம் தாண்டும் வரை நின்றுகொண்டே வந்தோம். புதுச்சேரி நிலையத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டு வாய்க்கு வந்த தொகையைக் கேட்டார்கள். திருநாள் என்றால் பக்தர்களைப் பிழிய உரிமை வந்துவிடுகிறதா? வேறு பஸ் பிடித்தே வில்லியனூர் சேர்ந்தோம். கோயில் தெருவில் கைக்குழந்தைக்காரியைக்கூட விடாமல் கையைப் பிடித்து இழுத்து விற்கிறார்கள். மெழுகுவர்த்திக் கடையில் நூலுக்குச் சரியான உயரம் இல்லை. "பெரியதாகவே வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா, மாதாவுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன?" என்றார் கடைக்காரர். அக்கா சம்மதிக்கவில்லை. நூலைப் பிடித்துக் காட்டி, அந்த அளவுக்கே அடியை வெட்டித் தரச் சொன்னார். யாருக்கு என்று அவர் கேட்டதற்கு, "என் பையனுக்கு" என்று மட்டும் சொன்னார்.

யாருக்காக, எதற்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பது என்ற கருத்தை எழுதும் இடத்திலும் நீண்ட வரிசை. எழுதிக்கொண்டிருந்த இளைஞர் நிமிராமலே, "நன்றியா, இறந்தவருக்கா?" என்று கேட்டார். எனக்கு அடிவயிறு கலங்கியது. அக்கா மெழுகுவர்த்தியைத் தோளோடு அணைத்தபடி, "நன்றி" என்றார். "டைபாய்டு காய்ச்சல் குணமானதற்கு."

அன்று பீடத்திலிருந்து சாமியார் நன்றிக் கருத்துகளை வாசித்தபோது, இறந்தோர் பட்டியலிலேயே நாங்கள் கேட்டுப் பழகிய அந்தப் பெயர், தேர்வில் தேறியவர்களுக்கும் குழந்தை வரம் பெற்றவர்களுக்கும் நடுவில் வந்தது. அக்கா தலை நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

1877-இல் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்தது வில்லியனூர் மாதாவின் சுரூபம். எங்கள் பிள்ளையைக் கொண்டுபோன கடல்வழியாகவே வந்தவள் என்று அவள் முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. தொண்டர்கள் நகரச் சொல்லி அவசரப்படுத்தினார்கள், பின்னால் ஒருவர் செல்பேசியை என் தலைக்கு மேல் நீட்டிப் படம் பிடித்தார். அக்காவை அசைக்க முடியவில்லை. "நீயும் பிள்ளையைச் சிலுவையடியில் நின்று கொடுத்தவள்தானே, என்னுடையவனைப் பார்த்துக்கொள்" என்று சத்தமாகவே சொன்னார். அவசரப்படுத்திய தொண்டர், ஒரு அம்மாள், அக்காவின் முதுகில் கை வைத்து அப்படியே நின்றுவிட்டார்.

மாதாவே, அந்த நவம்பரில் நீ தந்தது ஒரு மாதம்தான் என்று இத்தனை நாள் கணக்குப் பார்த்தோம். அந்த ஒரு மாதத்துக்கு நன்றி. கஞ்சி குடித்துத் தேறிய நாட்களுக்கு, புதுச்சட்டைக்கு, குடில் கட்ட வைக்கோல் கேட்டு அவன் செய்த அடத்துக்கு நன்றி. கேள்வி கேட்டுக்கொண்டே ஜெபிக்க அம்மாவுக்குக் கொடுத்த வாய்க்கு நன்றி. அம்மாவும் அவனும் இப்போது உன் மகனிடம் சேர்ந்திருப்பதற்கு நன்றி. அடுத்த வருடம் கொடியேற்றத்துக்கே வந்துவிடுகிறோம் என்று அக்கா சொல்லியிருக்கிறார், உடம்பில் பலம் கொடு தாயே. மரியே வாழ்க!