எம்.டி.எம். பூனைக்குட்டி

நடிகை மேரி டைலர் மூரும் தயாரிப்பாளர் கிராண்ட் டிங்கரும் 1969-இல் தொடங்கிய எம்.டி.எம். என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனம், எம்.ஜி.எம். திரைப்பட நிறுவனத்தின் சிங்கம் கர்ஜிக்கும் வட்டத்தைப் போன்ற ஒன்றுக்குள் மிம்சி என்ற ஆரஞ்சு நிறப் பூனைக்குட்டியைத் தன் சின்னமாக வைத்து, அதை 'மியாவ்' என்று கத்த வைத்தது. சில நொடிகளே திரையில் நிற்கும் அந்தச் சின்னத்தைத் தொடருக்கு ஏற்ப அவர்கள் மாற்றிக்கொண்டே வந்த விதம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. காவல்துறையைப் பற்றிய 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' தொடரில் அது போலீஸ் தொப்பி அணிந்திருந்தது. துப்பறியும் தொடரான 'ரெமிங்டன் ஸ்டீலில்' ஷெர்லாக் ஹோம்ஸ் தொப்பியும் புகைக்குழாயும் வந்தன. மருத்துவமனைத் தொடரான 'செயின்ட் எல்ஸ்வேரில்' அறுவை சிகிச்சை உடை. அத்தொடர் 1988-இல் முடிந்தபோது, கலைஞர்களின் பெயர்கள் திரையில் ஓடி முடியும்வரை பூனைக்குட்டி மருத்துவக் கருவிகளுடன் படுத்திருந்தது. இறுதியில் அதன் இதயத்துடிப்பு நேர்கோடானது.