கட்டுப்பாட்டு அறையிலிருந்து பார்த்த அணு உலைப் படங்கள்

அணுமின் நிலையமொன்றின் கருவிப் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, இப்போது புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு வகுப்பெடுக்கும் எனக்கு, பாடத்தைப் பற்றிய கேள்விகளுக்கு நிகராக அணு உலைத் திரைப்படங்களைப் பற்றிய கேள்விகளும் வருகின்றன. "சார், படத்தில் காட்டுவது போல நடக்குமா?" என்பவர்களுக்கு நடக்கும், நடக்காது என்று ஒரே சொல்லில் பதில் தருவதை நான் தவிர்க்கிறேன். இப்படங்களின் அரசியல் சாய்வு பெரும்பாலும் தொழில்நுட்ப விவரங்களில் இருப்பதில்லை. யாருக்கு மனசாட்சியைக் கொடுப்பது, யாரை அயோக்கியனாக்குவது என்ற பாத்திரப் பங்கீட்டில்தான் அது ஒளிந்திருக்கிறது.

1979 மார்ச் 16 அன்று வெளியான அமெரிக்கப் படம் 'தி சைனா சிண்ட்ரோம்' இதற்கு நல்ல சான்று. உலையில் நீர்மட்டம் உயர்ந்துவிட்டதாகக் கருவி காட்ட, அதை நம்பி ஊழியர்கள் நீரைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். ஷிப்ட் மேற்பார்வையாளராக நடித்த ஜாக் லெமன் விரலால் தட்டியதும், சிக்கியிருந்த முள் சரேலென்று கீழே இறங்கி, நீர் உண்மையில் குறைந்திருப்பதைக் காட்டுகிறது. கருவியின் அளவைத் தாளில் வரையும் ரெக்கார்டரின் மை காய்ந்த பேனாக்களோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில், இக்காட்சியில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. 1970இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள டிரெஸ்டன் உலையில் இப்படிச் சிக்கிய ஒரு பேனா உண்மையாகவே ஊழியர்களை ஏமாற்றியது. படத்தின் ஆலோசகர்கள், 1976இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து விலகி அணுமின்சாரத்தை எதிர்க்கத் தொடங்கிய பொறியாளர்கள். தொழிலும் தெரிந்தவர்கள், நிலைப்பாடும் உடையவர்கள். முற்பாதியில் தொழில் தெரிகிறது. பிற்பாதியிலோ, வெல்டிங்கின் எக்ஸ்ரே படங்களைப் போலியாக்கிய ஒப்பந்ததாரர், லாபத்துக்காக உலையை ஓட்டத் துடிக்கும் நிர்வாகம், துரத்தும் கார், துப்பாக்கிச்சூடு என்று நிலைப்பாடு முந்திக்கொள்கிறது.

படம் வெளியான 12ஆம் நாள் பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்டில் விபத்து நேர்ந்தது. அங்கே துப்பாக்கியும் இல்லை, துரத்தலும் இல்லை. அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு ஒன்று மீண்டும் மூடவில்லை. பேனலில் இருந்த விளக்கோ, மூடும்படி கட்டளை போய்விட்டது என்பதை மட்டுமே காட்டியது, வால்வின் உண்மை நிலையைக் காட்டவில்லை. நீர் மிகுந்துவிட்டதென்று எண்ணிய ஊழியர்கள் அவசரக் குளிர்விப்பு நீரைக் குறைக்க, உலைக்கருவில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது. சுற்றுவட்டாரத்திலிருந்த சுமார் 20 லட்சம் பேர் பெற்ற கதிர்வீச்சு சராசரியாக 0.01 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற மிகச் சிறிய அளவே. ஆயினும் பென்சில்வேனியா அளவு நிலப்பரப்பே பாழாகும் என்று படத்தில் வரும் வசனம் தீர்க்கதரிசனமாகக் கொண்டாடப்பட்டது. உண்மையில் பலித்தது அந்த வசனம் அன்று, முள் சிக்கிய காட்சிதான். ஆனால் தவறாக வடிவமைத்த ஒரு விளக்கை வில்லனாக்கினால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

1986இல் சோவியத் ஒன்றியத்தில் நேர்ந்த அணு உலை விபத்தைப் பற்றி 2019இல் வந்த 'செர்னோபில்' தொடரில் முரண் இன்னும் சுவையானது. சோவியத் அரசின் பொய்களைத் தோலுரிக்க எடுத்த தொடர் அது. அணுப்பிளவு வினையை அடக்கும் கட்டுப்பாட்டுக் கோல்களின் வடிவமைப்புக் குறையையும் மறைக்காமல் சொல்கிறது. ஆனால் அந்த நிலையத்தின் துணைத் தலைமைப் பொறியாளர் தியாத்லோவை, அந்த அரசின் குற்றப்பத்திரிகை வரைந்த அதே முரட்டுப் பாத்திரமாகவே படைத்திருக்கிறது. 1986இல் ஊழியர்களைப் பெரிதும் குற்றம்சாட்டிய பன்னாட்டு அறிக்கை, 1992இல் திருத்தப்பட்டபோது வடிவமைப்பின் பக்கம் வெகுவாகச் சாய்ந்தது. தொடரில் நீதிமன்றத்தில் நின்று உண்மை பேசும் விஞ்ஞானி லெகாசோவோ, நிஜத்தில் அந்த விசாரணைக்கே போகவில்லை.

நம் நாட்டுச் சாய்வு எதிர்த்திசையில், அணுசக்தித் துறைக்கு ஆதரவாக ஓடுகிறது. இந்திய அணுசக்தித் திட்டத்தைத் தொடங்கிய ஹோமி பாபாவைப் பற்றிய 2022ஆம் ஆண்டின் 'ராக்கெட் பாய்ஸ்' தொடரில், அவரை எதிர்ப்பவராக மெஹ்தி ரசா என்ற கற்பனை விஞ்ஞானி வருகிறார். எதிர்ப்பு முழுவதும் தனிப்பட்ட பொறாமையாகச் சுருங்கிவிடுகிறது. வரலாற்றில் அணுசக்தித் துறையை எதிர்த்துக் கேள்வி எழுப்பிய இயற்பியலாளர் மேகநாத் சாஹா, 1954இல் மக்களவையிலேயே அத்துறையின் ரகசியப் போக்கை விமர்சித்தவர். அமெரிக்கப் படத்தின் சாய்வை முதல் முறை பார்த்ததுமே பிடித்துவிடும் என் வகுப்பினரில் ஒருவர்கூட இந்தத் தொடரைப் பற்றி அப்படிக் கேட்டதில்லை. எல்லோருமே சம்பளம் வாங்குவது இந்தத் துறையில்தானே! ஆகவே இப்போதெல்லாம் த்ரீ மைல் ஐலண்ட் பாடத்தோடு சாஹா எழுப்பிய கேள்விகளையும் சேர்த்தே நடத்துகிறேன். அந்த வகுப்பில் விவாதம் சூடாகத்தான் நடக்கிறது.