சாமிக்ளாவுஸ்: ஓசூர்க் குளிரில் ஒரு 14 சதவீத லாகர்

சாமிக்ளாவுஸ் பீரை வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் காய்ச்சுகிறார்கள். டிசம்பர் 6, புனித நிக்கோலஸ் திருநாள். அன்று காய்ச்சியதைக் குளிர்ந்த தொட்டிகளில் பத்து மாதம் போல விட்டுவைத்து, அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான் விற்பனைக்கு அனுப்புவார்கள். ஆல்கஹால் 14 சதவீதம். நம் ஊர்க் கடையில் 'ஸ்ட்ராங்' என்று எழுதி வருவது அதிகபட்சம் 8 சதவீதம். லின்ஸ் நகரில் வேலை பார்க்கும் மச்சான் விடுமுறைக்கு வந்தபோது இதில் சில பாட்டில்களைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓசூர் வீட்டில் வைத்து அவற்றைச் சுவைத்துப் பார்த்தபோது எழுதிவைத்த குறிப்புகள் இவை. எந்த வெப்பநிலையில் இதன் முழு ருசியும் தெரிகிறது, நம் பக்கத்து வெயிலில் இதை வைத்துப் பழசாக்க முடியுமா, இந்த இரண்டையும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

கொஞ்சம் பின்கதை. இதை முதலில் காய்ச்சியது சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இருந்த ஹூர்லிமான் ஆலை. 1979-இல் காய்ச்சி 1980 கிறிஸ்துமஸுக்கு வெளியிட்டார்கள். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும் நுண்ணுயிரான பீர் ஈஸ்ட்டை வளர்ப்பதில் பேர்போன ஆலை அது. சாதாரண ஈஸ்ட் ஆல்கஹால் ஏற ஏறத் தளர்ந்து வேலையை நிறுத்திவிடும். அதைத் தாங்கி நிற்கும் வகையை அவர்கள் தேடி வளர்த்ததன் பலன்தான் இந்த பீர். ஒரு காலத்தில் உலகத்திலேயே வலுவான லாகர் (குளிரில் மெதுவாகப் புளிக்கவைக்கும் பீர் வகை) என்ற பெயரும் இதற்கு இருந்தது. 1996-இல் ஹூர்லிமான் இன்னொரு பெரிய நிறுவனத்தோடு சேர்ந்தபிறகு, தொண்ணூறுகளின் கடைசியில் காய்ச்சுவது நின்றுபோனது. 2000-இல் ஆஸ்திரியாவின் ஃபோர்க்டார்ஃப் ஊரில் உள்ள எக்கன்பெர்க் ஆலை மறுபடி தொடங்கியது. மச்சான் இருக்கும் லின்ஸும் அதே மாகாணம்தான். அதனால்தான் அவர் கைக்கு இது சுலபமாகக் கிடைத்தது.

வகை என்று பார்த்தால் இது டாப்பல்பாக். மியூனிக் நகரத்துப் பாலானர் துறவிகள் தவக்காலத்தில் குடிக்கக் காய்ச்சிய கனமான பீரின் வழி வந்தது. சால்வட்டோர், செலிப்ரேட்டர், ஆப்டிமேட்டர் என்று 'டோர்' போட்டு முடியும் பெயர்களெல்லாம் இந்தக் குடும்பம்தான். ஜெர்மன் வழக்கப்படி டாப்பல்பாக்குக்குக் காய்ச்சும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றில் நூறு கிராமுக்குக் குறைந்தது 18 கிராம் கரைபொருள் இருக்க வேண்டும். சாமிக்ளாவுஸ் அந்த அளவையெல்லாம் எங்கோ தாண்டிவிடுகிறது. ஈஸ்ட் முடிந்த மட்டும் தின்று தீர்த்தபிறகும் மால்ட் இனிப்பு கணிசமாக மிச்சம் இருக்கும். நாக்கில் வரும் தித்திப்பு அதுதான்.

பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் மூக்கைத் தயார்செய்தேன். இந்த வகை பீரைப் பற்றிப் படித்தால் ப்ளம், அத்தி, ஷெர்ரி என்று எழுதியிருக்கிறார்கள். ப்ளம் நான் வருடத்தில் ஒருமுறை தின்றாலே அதிகம். ஷெர்ரி குடித்ததே இல்லை. அதனால் நம் பக்கத்துப் பொருள்களைக் கிண்ணங்களில் எடுத்து வைத்தேன். பாலக்கோட்டுப் பக்கம் காய்ச்சிய கருத்த வெல்லம், கருப்பட்டி, உலர் திராட்சை, பேரீச்சை, முளைகட்டிய ராகியைப் பொன்னிறமாக வறுத்தது ஒரு கிண்ணம், நன்றாகக் கருக வறுத்தது ஒரு கிண்ணம். கூடவே தர்மபுரிச் சந்தையில் வாங்கிய புதுப் புளியும், அம்மா பானையில் போட்டுவைத்திருந்த பழைய கருப்புப் புளியும். ஒவ்வொன்றையும் முகர்ந்து, என்ன தோன்றியது என்று எழுதிக்கொண்டேன். பிற்பாடு மிகவும் உதவியது இந்த வேலைதான். வறுத்த ராகி மணமும் பீரின் மால்ட் மணமும் ஒரே வேதிவினையில் பிறப்பவை. தானியத்தின் சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகும்போது வரும் வாசனை அது. பழைய புளி கருப்பது காற்றும் காலமும் சேர்ந்து செய்வது. வயதான பீரிலும் மெதுவாக நடப்பது ஏறக்குறைய அதேதான்.

முதல் பாட்டில், கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை இரவு. நான், மச்சான், பக்கத்துத் தெரு நண்பர், மூன்று பேர். பாட்டில் 330 மில்லிதான், ஆனால் 14 சதவீதம் என்றால் அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் 46 மில்லி. 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 52 மில்லி. கிட்டத்தட்ட ஒரு முழு பாட்டில் ஸ்ட்ராங் இந்தச் சின்ன பாட்டிலுக்குள் அடங்கியிருக்கிறது. அதனால் மூவருக்கும் பங்கு வைத்தோம். அன்றைக்கு யாரும் வண்டி எடுப்பதில்லை என்றும் முன்கூட்டியே பேசிவைத்திருந்தோம்.

"மாப்ளே, இத நம்ம ஊரு பீரு மாதிரி சில்லுனு ஊத்திடாதீங்க" என்றார் மச்சான். இருந்தாலும் சோதனைக்காக ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஒரு விரற்கடை ஊற்றினேன். சமையலறை வெப்பமானி 5 டிகிரி காட்டியது. வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்பு ஓடிய பழுப்பு. நுரை கொஞ்சமாக எழும்பி உடனே அடங்கிவிட்டது. இவ்வளவு ஆல்கஹாலில் நுரை நிற்காது. வாயில் வைத்தால் வெறும் இனிப்பு, பின்னாலேயே தொண்டையில் ஒரு எரிச்சல். நண்பர் முகத்தைச் சுளித்து, "இருமல் டானிக்குங்க இது" என்றார். அந்தக் குளிரில் அவர் சொன்னது சரிதான்.

கோப்பைகளை மேஜைமேல் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். ஓசூர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருப்பதால் கார்த்திகை இரவில் அறையே குளிர்ந்துதான் இருக்கும். பீர் அவசரமில்லாமல் சூடேறியது. 9 டிகிரியில் முதல்முறையாக வெல்லப்பாகு வாசனை எழுந்தது. 12-இல்தான் விஷயமே தொடங்கியது. உலர் திராட்சை தெளிவாக வந்தது, அப்புறம் பேரீச்சை, அதற்கடியில் பொன்னிறமாக வறுத்த ராகி. கருக வறுத்த கிண்ணத்தின் சாயல் துளிகூட இல்லை. நிறத்தைப் பார்த்து நான் எதிர்பார்த்தது அந்தக் கருகலைத்தான். இந்த பீரின் பழுப்பு கருகிய தானியத்திலிருந்து வரவில்லை, பக்குவமாக உலர்த்திய மால்ட்டிலிருந்து வந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. விழுங்கியபின் நாக்கின் ஓரங்களில் லேசான புளிப்பு நின்றது. கிண்ணங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால், பழைய புளியின் பக்கம்தான் அது சாய்ந்தது. மூவரும் தனித்தனியாக எழுதிய தாளில் மூவருமே பழைய புளி என்று எழுதியிருந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

14 டிகிரி வரை ஏறுமுகம்தான். இனிப்பும் ஆல்கஹாலின் சூடும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. 18-ஐத் தாண்டியதும் ஆல்கஹால் வாசனை மற்றதை எல்லாம் அமுக்கத் தொடங்கியது. ஆக என் கணக்கில் 12-லிருந்து 14 டிகிரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்துத் திறந்தால் ஓசூர் மார்கழியில் இந்த இடத்துக்கு வந்துவிடும். கிருஷ்ணகிரி, தர்மபுரியில் கொஞ்சம் சீக்கிரமே வரும். கோப்பை விஷயத்தில், வாய் குறுகிய சின்ன வைன் கோப்பை நன்றாக வேலை செய்தது. நேரான கண்ணாடி டம்ளரில் வாசனை நிற்கவில்லை.

தொட்டுக்கொள்ள வைத்தவற்றில் உப்பு போட்டு வறுத்த வேர்க்கடலை பிரமாதம். உப்பு அந்தத் தித்திப்பை மட்டுப்படுத்துகிறது. வீட்டில் சுட்ட அதிரசம் நான் நினைத்ததைவிட நன்றாகச் சேர்ந்தது. அதிரசத்தின் பக்கத்தில் பீரின் இனிப்பு பின்வாங்கி, மால்ட் முன்னால் வந்தது. மிளகு தூக்கலாகப் போட்ட நாட்டுக்கோழி வறுவல் மட்டும் சேரவே இல்லை. காரத்தை ஆல்கஹால் தூக்கிவிட்டதில் கோழியும் தெரியவில்லை, பீரும் தெரியவில்லை.

அடுத்தது பழசாக்கும் சோதனை. ஒரே வருடத்தில் காய்ச்சிய இரண்டு பாட்டில்களை எடுத்துக்கொண்டேன். ஒன்றை அட்டைப்பெட்டியில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் நிமிர்த்தி வைத்தேன். இன்னொன்றை அதே மாதிரிப் பெட்டியில் பரண்மேல் வைத்தேன். வெளிச்சம் பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் சத்தைக் கெடுத்து நாற்றம் உண்டாக்கும் என்பதால் இரண்டுமே இருட்டில்தான் இருந்தன. பங்குனி, சித்திரை, வைகாசி எல்லாம் பரண் பார்த்தது. மேலே கான்கிரீட் தளம். சித்திரை மதியங்களில் அங்கே 35 டிகிரிக்கு மேல் போனது. ஆவணி பிறந்ததும் இரண்டையும் ஒன்றாகத் திறந்தோம்.

ஃபிரிட்ஜ் பாட்டில் கார்த்திகையில் குடித்ததைவிட மெத்தென்று ஆகியிருந்தது. எரிச்சல் குறைந்திருந்தது, பேரீச்சை கூடியிருந்தது. பரண் பாட்டிலில் நனைந்த அட்டை வாசம், அதற்குப் பின்னால் சோயா சாஸ் மாதிரி ஒரு உப்புக்கறி மணம். இனிப்பு அப்படியே இருந்தது, பழங்கள் காணாமல் போயிருந்தன. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். ஆனால் எல்லா வினைகளும் ஒரே விகிதத்தில் வேகமெடுப்பதில்லை. பரணில் சில மாதங்கள் வைத்தால் நிலவறையில் சில வருடங்கள் வைத்த ருசி கிடைக்காது, வேறொரு ருசிதான் கிடைக்கும். "14 சதவீதம், ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பீர் கெட்டுப்போய் வயிற்றுக்கு ஆகாமல் போகவில்லை என்பது உண்மைதான். ருசி போய்விட்டது.

ஆகவே நம் பக்கம் இதைப் பழசாக்க நினைப்பவர்கள் ஃபிரிட்ஜில் ஓர் இடத்தை ஒதுக்கியே ஆக வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிர்ந்த மண்சுவர் வீடு வைத்திருப்பவர்கள்கூடக் கோடையை நம்பக் கூடாது என்பது என் கருத்து.

இப்போது காய்கறித் தட்டில் இரண்டு பாட்டில்கள் மிச்சம் இருக்கின்றன, மேல் அட்டையில் தேதி எழுதி. அடுத்த முறை வரும்போது ஒரு ஐஸ்பாக் கொண்டுவரச் சொல்லி மச்சானிடம் கேட்டிருக்கிறேன். அது பீரை உறையவைத்து, பனிக்கட்டியை நீக்கி வலுவேற்றும் வகை. வந்ததும் இரண்டையும் 12 டிகிரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதே புளிக் கிண்ணங்களோடு பார்க்கப்போகிறேன்.