டர்பனில் கிறிஸ்துமஸ் கள்ளி: மார்ச் முதல் செப்டம்பர் வரை

மார்ச் 18
இன்றோடு உரம் நிறுத்தம். டிசம்பர் இங்கே, தென்னாப்பிரிக்காவில், உச்சக்கோடை. கிறிஸ்துமஸ் கள்ளி என்ற பெயரை நம்பி, அப்போது பூக்கவில்லையே என்று உரத்தைக் கொட்டினால் வேர்தான் கருகும். இந்தக் கள்ளி மொட்டு வைப்பது இரவு நீளத் தொடங்கியபின். டர்பனில் பூ மே, ஜூனில்தான்.

இதன் தண்டு தட்டையான துண்டுகளைக் கோத்த சங்கிலி போல இருக்கும். நுனியில் 1 செ.மீ.கூட வளராத பிஞ்சுத் துண்டுகளைக் கிள்ளிவிட வேண்டும். மொட்டு நுனித்துண்டில்தான் வரும், அதுவும் முற்றிய துண்டில். பிஞ்சை விட்டுவைத்தால் ஒரு கிளை பூக்கும், பக்கத்துக் கிளை சும்மா நிற்கும். கத்தரி வேண்டாம், இணைப்பில் பிடித்துத் திருகினால் கழன்றுவிடும்.

ஏப்ரல் 2
இனி இருட்டுதான் முக்கியம். தினமும் குறைந்தது 13 மணி நேரம், இடையில் வெளிச்சமே படாமல், சுமார் 6 வாரம். மாலை 5.30க்குப் புழங்காத அறையில் வைத்து, காலை 6.30க்கு ஜன்னலோரம் கொண்டுவரலாம். வராண்டாவில் விடிய விடிய எரியும் பாதுகாப்பு விளக்கு போதும், மொட்டு வராமல் போக. கறுப்புத் துணி போர்த்துவதானால் இரண்டு மடிப்பாகப் போர்த்தவும்.

குளிரும் கூடவே வேண்டும். இரவில் 15 முதல் 20 டிகிரி இருந்தால் நல்லது. 10 முதல் 15 டிகிரியில் இருட்டைப் பற்றிக் கவலைப்படாமலேகூட மொட்டு வைக்கும். 23ஐத் தாண்டினால் எவ்வளவு இருட்டும் வீண். கடலோரத்தில் மார்ச் இரவுகள் இன்னும் வெதுவெதுப்பு என்பதால் ஏப்ரலுக்கு முன் தொடங்கிப் பயனில்லை. ஜோஹானஸ்பர்க்கில் முன்னதாகவே தொடங்கலாம். ஆனால் அங்கே உறைபனிக்கு முன் செடி வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

ஏப்ரல் 11
தண்ணீர் குறைவு. மேல்மண் 3 செ.மீ. காய்ந்தபின் மட்டும். துண்டுகள் துவண்டால் உடனே ஊற்றிவிடாதீர்கள், மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாகம். ஈரமாக இருந்தும் துவண்டால் வேர் அழுகல். அடித்தண்டு பழுப்பாகிக் குழைந்திருக்கும். அந்தச் செடியைக் காப்பாற்றப் பார்ப்பதைவிட, மேலே பச்சையாக உள்ள துண்டுகளை எடுத்துப் புதிதாக நடுவதே மேல்.

ஏப்ரல் 29
நுனியில் இரண்டு பற்களுக்கு நடுவே கடுகளவில் ஒரு சிவப்புப் புள்ளி. புதுத்துண்டானால் தட்டையாக, பச்சையாக வரும். இது உருண்டு, முனை கூம்பியிருக்கிறது; மொட்டுதான்.

இனி இருட்டறை வேண்டாம், தொட்டியை நகர்த்தவும் வேண்டாம். வெளிச்சம் வரும் திசை மாறினாலே மொட்டு உதிரும். மண் காய்ந்துபோனாலும், ஹீட்டரின் வறண்ட காற்று பட்டாலும் உதிரும். பலர் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு: பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு. பூஜைக்கு வாங்கிய வாழைச்சீப்பைச் செடி இருக்கும் மேசையில் வைக்காதீர்கள்.

மே 24
முதல் பூ விரிந்தது. துண்டின் ஓரம் கூரிய பற்களாக, மகரந்தம் மஞ்சளாக இருந்தால் அது ட்ரங்காட்டா என்ற இனம். கடைகளில் கிறிஸ்துமஸ் கள்ளி என்று பெரும்பாலும் கிடைப்பது இதுவே. ஓரம் வளைவாக, மகரந்தம் இளஞ்சிவப்பாக இருந்தால் பக்லியி என்ற பழைய கலப்பினம். அது சற்றுத் தாமதமாகப் பூக்கும்.

ஜூன் 30
பூ முடிந்தது. வாடியதைக் கிள்ளிவிட்டு, தண்ணீரை மறுபடி குறைத்து ஓய்வு. மாவுப்பூச்சி இருந்தால் பஞ்சில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் (எரிசாராயம்) தொட்டுத் துடைக்கவும். இணைப்புகளின் இடுக்கில்தான் ஒளியும்.

செப்டம்பர் 8
தொட்டி மாற்றும் காலம். பிரேசில் மலைக்காடுகளில் மரக்கிளையிலும் பாறை இடுக்கிலும் வளரும் செடி இது. பாலைவனக் கள்ளி மண் ஒத்துவராது, தோட்டத்துக் களிமண் அறவே கூடாது. பைன் பட்டைச் சில்லு 2 பங்கு, தொட்டி மண் 1, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைக் கல்துகள்) 1. முந்தையதைவிட ஒரு விரல் அகலமான தொட்டி போதும். பெரிய தொட்டியில் ஈரம் தேங்கும்.

புதுச்செடிக்கு 3 துண்டு சேர்ந்த கிளையைத் திருகி எடுத்து, நிழலில் 2 நாள் காயவைத்து, அடித்துண்டில் பாதி புதையும்படி நடவும். வேர் பிடிக்க 3 முதல் 6 வாரம்.

உரம் இப்போதிலிருந்து மாதம் ஒருமுறை, பாதி வீரியத்தில். உரம் போடாத ஒரு வாரத்தில் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்), 4 லிட்டர் தண்ணீருக்கு 1 தேக்கரண்டி. இந்தச் செடிக்கு மெக்னீசியம் நிறையவே தேவை.

இதன் உறவுச் செடியான ஈஸ்டர் கள்ளி வைத்திருப்பவர்கள் மட்டும் பொறுக்கவும். நட்சத்திரம் போல விரியும் அந்தப் பூவுக்கு நம் ஊரில் இந்த வசந்தம்தான் பருவம். மொட்டோடு நிற்கும்போது வேரைக் கலைத்தால் எல்லாம் கொட்டிவிடும். பூ முடிந்தபின் மாற்றலாம்.