டி-27

"தம்பி, இதுல என்ன எழுத்து இருக்குன்னு பாருப்பா."

காட்பாடி ஸ்டேஷன் பக்கம் வேனில் டிபன் போடும் அக்கா கேட்டார். 19 கிலோ சிலிண்டர் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது.

கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம், பெயின்ட் உரிந்த இடத்தில்: டி-27. அதாவது 2027 டிசம்பரோடு மறுசோதனைக்குப் போக வேண்டியது. ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர்.

"சரி, இருக்கட்டும்" என்றார். வேனுக்குள் நிமிர்த்தி வைத்து, சங்கிலி போட்டுக் கட்டினார்.

அப்புறம் ரெகுலேட்டரை மாட்டி, சுற்றிலும் சோப்பு நுரை தடவிக் குனிந்தே நின்றார். குமிழ் வரவில்லை. அதுவரை பின்கதவைச் சாத்தவே இல்லை. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும்.

நான்கு சக்கரத்தின் மேல் அடுப்பு வைத்துப் பிழைப்பவருக்கு இருக்கும் இந்தக் கவனம், வீட்டுக்குள் வைத்திருக்கும் நமக்கு ஏன் இல்லை?

வீட்டுக்கு வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். பி-28.